கேபிள் போன பிறகும் ஓடிய சர்வர், ரீபூட் செய்ததும் ஏன் எழவில்லை?

உள்வட்டு இல்லாமல், வலையமைப்பில் உள்ள ஸ்டோரேஜிலிருந்தே பூட் ஆகும் சர்வர்களைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் இம்முறை அதிகம். ஆகவே கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஆலையின் லினக்ஸ் சர்வர்களில் உள்வட்டு கிடையாது, இயங்குதளமே சான் எனும் சேமிப்பு வலையமைப்பின் ஸ்டோரேஜில், லன் எனப்படும் ஒரு வட்டுப் பங்கில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சர்வரிலும் அதை ஸ்டோரேஜுடன் ஒளியிழைக் கேபிளால் இணைக்கும் இரண்டு ஃபைபர் சேனல் கார்டுகள், நடுவில் இரண்டு ஸ்விட்சுகள், ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர்கள், ஆக நான்கு பாதைகள். ஒரு திங்கட்கிழமை, முதல் கார்டின் கேபிள் பழுதாகிவிட்டது. எதுவும் நிற்கவில்லை என்பதால் யாரும் பதறவில்லை. வியாழனன்று பேட்ச் போட்டு ரீபூட் செய்தபோது, பூட் வட்டு இல்லை என்று சொல்லிச் சர்வர் நின்றுவிட்டது. இரண்டு பாதைகள் நல்ல நிலையில் இருக்கும்போது இது எப்படி நடக்கும்?
— ஆலை ஒன்றின் கணினிப் பிரிவு ஊழியர்

பதில்: நான்கு பாதைகள் என்று நீங்கள் சொல்வது, லினக்ஸ் முழுதாக எழுந்து, பல பாதைகளையும் சேர்த்து ஒரே வட்டாகக் காட்டும் மல்டிபாத் என்னும் மென்பொருள் அடுக்கு பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு உள்ள கணக்கு. பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து அந்த நிலையை எட்டும் வரை சர்வர் பல கைகள் மாறுகிறது. அவற்றில் முதல் இரண்டு கைகளுக்கும் மல்டிபாத் என்றால் என்னவென்றே தெரியாது.

முதல் கை, இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் சிறு நிரலான, ஃபைபர் சேனல் கார்டில் உள்ள பூட் பயாஸ் அல்லது அதன் யுஇஎஃப்ஐ டிரைவர். எந்த ஸ்டோரேஜ் போர்ட்டில், எத்தனையாவது லன்னில் பூட் வட்டு இருக்கிறது என்பதை வழக்கமாக நாம்தான் அதற்கு எழுதிக் கொடுக்கிறோம். போர்ட்டின் அடையாளம் டபிள்யூடபிள்யூபிஎன் எனப்படும் 64 பிட் முகவரி. திரையில் 16 இலக்கங்களாகத் தெரியும். க்யூலாஜிக் கார்டுகளின் பழைய பயாஸ் திரையில், முதன்மை இலக்கு ஒன்றும் அதற்குக் கீழே மாற்று இலக்குகள் மூன்றும் எழுத இடம் உண்டு; கார்டு அவற்றை மேலிருந்து கீழாக முயன்று பார்த்து, முதலில் பதில் தருவதைப் பிடித்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தப் பட்டியல் கார்டுக்குக் கார்டு தனித்தனி. முதல் கார்டில் நான்கு இலக்குகளையும் அழகாக நிரப்பி வைத்திருந்தாலும், அந்தக் கார்டின் ஒரே கேபிள் போய்விட்டால் நான்கும் வெற்று எழுத்துதான். இரண்டாம் கார்டில் பூட் வசதியே இயக்கப்படாமல் இருந்தால், பயாஸின் கண்ணுக்கு அந்தக் கார்டின் வழியாக எந்த வட்டும் இல்லை. உங்கள் சர்வரில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: சர்வரை நிறுவியவர் முதல் கார்டை மட்டும் அமைத்து, பூட் ஆனதும் வேலை முடிந்தது என்று எழுந்து போயிருப்பார். இரண்டாம் கார்டின் அமைப்புத் திரையைத் திறந்து பாருங்கள். அங்கே பூட் வசதி அணைந்திருக்கும், அல்லது இலக்கு முகவரி முழுக்கச் சுழியாக இருக்கும். அதைச் சரிசெய்த பின், சர்வரின் பூட் வரிசையிலும் இரண்டாம் கார்டு இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது கை, கிரப் போன்ற பூட் லோடர். கார்டு எந்தப் பாதையைக் கொடுத்ததோ, அதே பாதையில்தான் அது இயங்குதளத்தின் மையமான கர்னலையும், வட்டு ஏறும் வரை நினைவகத்திலிருந்து தற்காலிகமாக இயங்கும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் படிக்கிறது. அந்தச் சில விநாடிகளுக்குள் பாதை அறுந்தால் படிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். சர்வரை மறுபடி இயக்குவதைத் தவிர வழியில்லை. இந்த இடைவெளியை எவராலும் அடைக்க முடியாது, அடைக்க முயன்று நேரத்தை வீணாக்கவும் வேண்டாம்.

மூன்றாவதான இனிட்ராம்எஃப்எஸ்தான் நாம் அதிகம் ஏமாறும் இடம். மல்டிபாத் நிரலும் அதன் அமைப்புக் கோப்பும் இதற்குள் ஒரு நகலாக இருக்க வேண்டும். வட்டில் உள்ள அமைப்புக் கோப்பைத் திருத்திவிட்டு, டிராகட் கட்டளையால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்காமல் விட்டால், பூட் ஆகும்போது பழைய நகலே பேசும். மல்டிபாத் அதற்குள் இல்லவே இல்லை என்றால் கர்னல் தனக்கு முதலில் தென்பட்ட பாதையை, ‘எஸ்டிஏ’ என்ற தனி வட்டாக நினைத்து, அதிலேயே இயங்குதளம் இருக்கும் ரூட் கோப்பு முறைமையை ஏற்றிவிடும். பின்னால் எழும் மல்டிபாத் அந்த வட்டைக் கேட்கும்போது, ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதால் கிடைக்காது. நான்கு பாதைகள் இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, சர்வர் ஒற்றைக் காலில் நிற்கும். வட்டுகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: ரூட் பகுதி ‘எம்பாத்ஏ’ போன்ற மல்டிபாத் பெயருக்குக் கீழே இருந்தால் சரி, நேரடியாக எஸ்டிஏவுக்குக் கீழே இருந்தால் அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், ஸ்டோரேஜில் இரண்டு கேபிள்களை வேறு போர்ட்டுகளுக்கு மாற்றினார்கள். எந்தக் கார்டு எந்த ஸ்டோரேஜ் போர்ட்டைக் காணலாம் என்று ஸ்விட்சில் வகுக்கும் ஜோனிங்கைத் திருத்தினார்கள், சர்வரில் வட்டுகளைத் தேடச் சொன்னதும் மல்டிபாத் புதிய பாதைகளைத் தானே சேர்த்துக்கொண்டது, நான்கும் நலம் என்று அறிக்கையும் எழுதினோம். கார்டுகளின் பயாஸில் பழைய போர்ட்டுகளின் முகவரிகள்தான் இருந்தன என்பது யார் நினைவுக்கும் வரவில்லை. பல மாதங்கள் கழித்து மின்சாரப் பராமரிப்புக்காக அணைத்த சர்வர்களில் ஒன்றுகூட எழவில்லை. இருந்த ஒரே நல்ல செய்தி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் என்பது. விடியும் வரை உட்கார்ந்து 16 இலக்க எண்களைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் பாதை பழுதானால் சில வேளைகளில் ஐந்தாறு விநாடிகளில் நிலைமை சீராகிவிடுகிறது. வேறு சில வேளைகளில் ஒரு நிமிடம் வரை எல்லாம் உறைந்து நிற்கிறது. மென்பொருள் ஒன்றுதானே, ஏன் இந்த வேறுபாடு?
— சேமிப்பகப் பொறியாளர்

பதில்: பழுதைப் பற்றிய சேதியைச் சர்வருக்கு யார் சொல்கிறார்கள், எப்போது சொல்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான கேபிள் போனால், கார்டு ஒளியை இழந்த கணத்திலேயே டிரைவருக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் கர்னல் உடனே கைவிடுவதில்லை. கேபிள் அசைந்து மறுபடி பொருந்தியிருக்கலாம் என்ற எண்ணத்தில், அந்தப் பாதையில் போன கோரிக்கைகளை நிறுத்தி வைத்துக் காத்திருக்கும். இந்தக் காத்திருப்புக்கு வரம்பு வைப்பது ‘ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில்’ என்ற அமைப்பு. மல்டிபாத் அதற்கு இயல்பாக வைக்கும் மதிப்பு 5 விநாடி. அது கடந்ததும் சிக்கிய கோரிக்கைகள் மல்டிபாத்திடம் திரும்பி, வேறு பாதையில் அனுப்பப்படுகின்றன. நீங்கள் காணும் ஐந்தாறு விநாடி இதுதான்.

அந்த நேரத்தில் பதிவுக் கோப்பைத் திறந்து வைத்துப் பாருங்கள். 8:16 என்பது போன்ற வட்டு எண்ணுடன் பாதை தோற்றது என்று ஒரு வரி வரும். மீதமுள்ள பாதைகள் 3 என்று அடுத்த வரி. உங்கள் அமைப்பில் ஒரு கார்டின் வழியே இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் பாதை இருந்தால், இதே சேதி இன்னொரு முறை வந்து எண்ணிக்கை 2 ஆக வேண்டும். சோதனைக்காக ஒரு கேபிளைப் பிடுங்கியும் எண்ணிக்கை ஒன்றுதான் குறைந்தது என்றால், ஜோனிங்கில் ஏதோ ஒரு பாதை முதலிலிருந்தே விடுபட்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையின் பாதிப் பயன் இப்படி எண்ணிப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

ஸ்விட்சுக்கு அப்பால், ஸ்டோரேஜ் பக்கக் கேபிள் போனால் சர்வர் கார்டில் ஒளி குறையாது. ஆனால் ஸ்விட்ச் சும்மா இருப்பதில்லை. அதே ஜோனில் பதிவு செய்துகொண்டுள்ள கார்டுகளுக்கு, நிலை மாறிவிட்டது என்ற அறிவிப்பை அனுப்பும். டிரைவர் விசாரித்து, போர்ட் போய்விட்டதை அறிந்துகொள்ளும். அதன்பின் கதை முன்போலவே.

ஒரு நிமிட உறைவு வருவது மூன்றாம் வகையில். கன்ட்ரோலர் உள்ளுக்குள் சிக்கிக்கொண்டது, ஒளி மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டுக்கும் தெரியாது, ஸ்விட்சுக்கும் தெரியாது. வட்டுக்கு அனுப்பிய கட்டளைக்குப் பதில் வராமல், லினக்ஸின் இயல்பான 30 விநாடிக் கெடு தீர வேண்டும். அதன்பின் கர்னல் முதலில் அந்தக் கட்டளையை ரத்து செய்யப் பார்க்கும், பிறகு லன்னை ரீசெட் செய்யப் பார்க்கும், பிறகு இலக்கையே ரீசெட் செய்யப் பார்க்கும். பதிலே தராத சாதனத்திடம் ஒவ்வொரு முயற்சிக்கும் மீண்டும் சில விநாடிகள் காத்திருக்கும். இந்த மீட்பு முயற்சிகளுக்கு மொத்தமாக ஒரு கெடு விதிக்கும் அமைப்பும் கர்னலில் உண்டு, ‘ஈஎச் டெட்லைன்’ என்று பெயர். 30 விநாடிக் கெடுவையே கண்மூடித்தனமாகக் குறைப்பதைவிட இதைத் தொடுவது நல்லது. கெடுவை மிகவும் குறைத்தால், வேலைப்பளுவால் சற்றுத் தாமதிக்கும் நல்ல ஸ்டோரேஜும் பழுதானதாகத் தோன்றும்.

கேள்வி: எல்லாப் பாதைகளும் ஒரே நேரத்தில் போய்விட்டால், பூட் வட்டுக்கான கோரிக்கைகளைக் காத்திருக்க வைப்பது சரியா, தோற்கச் செய்வது சரியா? எங்கள் குழுவில் இரண்டு கட்சிகள்.
— மருத்துவமனை ஒன்றின் தரவு மையத்திலிருந்து

பதில்: தனித்து இயங்கும் சர்வர் என்றால் நான் முதல் கட்சி. பூட் வட்டுக்கு மல்டிபாத்தின் ‘நோ பாத் ரீட்ரை’ அமைப்பில் காத்திருக்கும் மதிப்பை வையுங்கள். தோற்கச் செய்தால் என்ன ஆகும்? எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை தன் பதிவேட்டில் எழுத முடியாததும் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். இஎக்ஸ்டி4 பெரும்பாலான அமைப்புகளில் படிக்க மட்டும் என்ற நிலைக்குத் தாழ்ந்துவிடும். 40 விநாடியில் ஸ்டோரேஜ் மீண்டு வந்தாலும் சர்வர் தானாக மீளாது. ரீபூட் ஒன்றே வழி. காத்திருக்க வைத்தால், பாதை திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

ஆனால் அப்படிக் காத்திருக்கும் சர்வர் வெளியிலிருந்து பார்ப்பவர்களைக் குழப்பும், அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பிங் செய்தால் பதில் வரும். வலையமைப்பைக் கவனிக்கும் கர்னல் நினைவகத்தில்தானே இருக்கிறது. எஸ்எஸ்எச் இணைப்பு திறந்தது போலிருக்கும், கடவுச்சொல் கேட்காமலே நிற்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் ‘சிடி’ கட்டளை கொடுத்தால் வேலை செய்யும், அது ஷெல்லுக்குள்ளேயே இருப்பது. சற்று முன் ஓட்டிய ‘எல்எஸ்’ நினைவகத்தில் மிச்சமிருந்தால் அதுவும் ஓடிவிடும். அன்று இதுவரை தொடாத ஒரு கட்டளையை அடித்த நொடியில் அந்தத் திரையும் உறைந்துபோகும். கண்காணிப்புப் பலகையில் பிங் பச்சையாக இருப்பதை நம்பி, சர்வர் நலம் என்று மேலிடத்துக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இங்கே இயல்பாக எழும் ஐயம்: வட்டையே படிக்க முடியாதபோது, பாதை திரும்பியதைக் கண்டுபிடிக்க வேண்டிய மல்டிபாத் சேவை எப்படி ஓடுகிறது? அந்தச் சேவை தொடங்கும்போதே தன் நினைவகப் பக்கங்கள் முழுவதையும் பூட்டிக்கொள்கிறது. அதன் எந்தப் பகுதியும் வட்டுக்கு வெளியேற்றப்படுவதில்லை. வட்டில் உள்ள இன்னொரு நிரலை அழைத்து விவரம் கேட்ட பழைய பதிப்புகள், அந்த நிரலை முன்கூட்டியே நினைவகத்துக்கு நகலெடுத்து வைத்துச் சமாளித்தன.

ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் சர்வர்களின் கூட்டமான கிளஸ்டரில் உள்ள சர்வர் என்றால் நான் கட்சி மாறிவிடுவேன். அங்கே உறைந்து நிற்கும் சர்வர் மற்றவற்றுக்கும் தொல்லை. அது விரைவில் தோற்று, கிளஸ்டர் அதை வெளியேற்றி, வேலை அடுத்த சர்வருக்குப் போவதே நல்லது. வரம்பில்லாமல் காத்திருக்க வைக்காமல், முயற்சி எண்ணிக்கையைக் கொடுங்கள். இயல்பாகப் பாதைச் சோதனை 5 விநாடிக்கு ஒரு முறை நடப்பதால், 12 என்று கொடுத்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

இரண்டு கட்சிகளும் மறந்துவிடும் ஒன்று உண்டு. பூட் வட்டு போன நேரத்தின் பதிவுகளை எழுதவேண்டிய இடமும் அதே வட்டுதான். கர்னல் விழுந்தால் நினைவகப் பிரதியை எடுக்கும் கேடம்ப்பும் அதே லன்னுக்கே எழுதப் பார்க்கும். பதிவுகளை வேறொரு சர்வருக்கும் அனுப்பி வையுங்கள். இல்லையேல் விசாரணை நாளன்று கையில் ஒன்றும் இருக்காது.

கேள்வி: விண்டோஸும், மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் இஎஸ்எக்ஸ்ஐயும் இதே போலத்தான் நடந்துகொள்ளுமா?

பதில்: இல்லை. விண்டோஸ் பூட் வட்டை முழுவதுமாக இழந்தால், நினைவகப் பக்கங்களை வட்டில் வைக்கும் பக்கக் கோப்பிலிருந்து கர்னல் தரவைப் படிக்க முடியாமல் 0x7ஏ அல்லது 0x77 என்ற எண்ணுடன் நீலத்திரையில் விழும். பூட் ஆகும்போதே வட்டு கிடைக்காவிட்டால் 0x7பி. மேலும், விண்டோஸை நிறுவும்போது அதன் மல்டிபாத்தான எம்பிஐஓ இன்னும் வந்திருக்காது; ஒரே லன் நான்கு வட்டுகளாகத் தெரியும். ஆகவே நிறுவும்போது ஒரு பாதையை மட்டும் காட்டிவிட்டு, எம்பிஐஓ ஏறிய பின் மற்றவற்றைத் திறந்துவிடுவதே வழக்கம். அந்த ‘பின்’ வராமலே போன சர்வர்களை நான் பார்த்திருக்கிறேன். இஎஸ்எக்ஸ்ஐ பெரும்பாலும் நினைவகத்திலிருந்தே ஓடுவதால் பூட் வட்டு போனாலும் மெய்நிகர் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். செய்த மாற்றங்கள் மட்டும் சேமிக்கப்படாது. ஒரு சாதனத்தின் பாதைகள் எல்லாம் போனால் அது இயல்பாக 140 விநாடி காத்திருந்து, அதன்பின் அச்சாதனத்துக்கான கோரிக்கைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கும்.

கேள்வி: நாங்கள் சிறிய நிறுவனம், ஃபைபர் சேனல் கட்டுப்படியாகாது. சாதாரண ஈதர்நெட்டில், வட்டுக் கட்டளைகளை வலையமைப்பில் அனுப்பும் ஐஸ்கசி வழியாகப் பூட் செய்கிறோம். எந்த எண்ணை மாற்ற வேண்டும்?
— அச்சகம் ஒன்றின் கணினிப் பொறுப்பாளர்

பதில்: ‘ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட்’ என்ற ஒன்றை. அறுந்த இணைப்பு திரும்புவதற்கு ஐஸ்கசி எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதை அதுதான் சொல்கிறது. இயல்பு மதிப்பு 120 விநாடி. மேலே மல்டிபாத் இருந்தால் 5 அளவுக்குக் குறையுங்கள், பழுது விரைவாக மேலே போய் மாற்றுப் பாதை பிடிக்கப்படும். மல்டிபாத் இல்லாமல் ஒரே இணைப்பில் ரூட் வட்டு இருந்தால், நேர் எதிராக 86400, அதாவது ஒரு நாள் முழுவதும் காத்திருக்கச் சொல்லுங்கள். மாற்று இல்லாத இடத்தில் அவசரப்பட்டு எந்தப் பயனும் இல்லை. ஒற்றை இணைப்பில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்க்கும் நூப் சோதனையையும் சுழியாக்கி அணைத்துவிடுங்கள். வலையமைப்புச் சேவையை ரீஸ்டார்ட் செய்யும் பழக்கம் யாருக்காவது இருந்தால், அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அந்தச் சேவை இறக்கிவிடும் ஈதர்நெட் போர்ட்டில்தான் சர்வரின் வட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஒரு பாதை முழுவதும் போகவும் இல்லை, ஒழுங்காக இருக்கவும் இல்லை. மல்டிபாத் அதைத் தோற்றதாகக் குறிக்கிறது, சில விநாடிகளில் நலம் என்று திரும்பச் சேர்த்துக்கொள்கிறது, மறுபடி தோற்கிறது. நாள் முழுவதும் இதே கூத்து. சர்வர் மிகவும் மெதுவாகிவிட்டது.
— தரவு மையப் பணியாளர்

பதில்: செத்த பாதையைவிட இழுத்துக்கொண்டு கிடக்கும் பாதைதான் அதிகத் தொல்லை. மல்டிபாத் பாதையைச் சோதிக்க அனுப்புவது, தயாரா என்று கேட்கும் மிகச் சிறிய கட்டளை. அதில் தரவு எதுவும் போவதில்லை. அழுக்குப் படிந்த இணைப்பான் அல்லது தளர்ந்த எஸ்எஃப்பி (கேபிள் செருகும் ஒளி மாட்யூல்) வழியாக அந்தச் சிறிய கட்டளை தப்பிப் போய்விடும், பெரிய தரவுத் தொகுதிகள்தான் பிழையாகி விழும். ஆகவே சோதனையில் பாதை தேறிவிடுகிறது, வேலையில் தோற்றுவிடுகிறது. பாதைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறையில், இந்தப் பாதைக்குப் போன கோரிக்கைகள் ஒவ்வொன்றும் தடுமாறித்தான் திரும்பும்.

மல்டிபாத்தில் ‘மார்ஜினல் பாத்’ என்று தொடங்கும் அமைப்புகள் இதற்கென்றே இருக்கின்றன: ஒரு பாதை குறிப்பிட்ட காலத்தில் இத்தனை முறை தடுமாறினால், அதைச் சில காலம் ஒதுக்கி வைத்து, தொடர்ந்து சோதனைக் கோரிக்கைகள் அனுப்பிப் பிழை விகிதத்தைப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளும். ஆனால் அமைப்பைத் திருத்துவதற்கு முன்பு, இன்றைக்கே அந்தப் பாதையின் ஸ்விட்ச் போர்ட்டை நீங்களே அணைத்துவிடுங்கள். மல்டிபாத்தின் பட்டியலில் மற்றப் பாதைகள் நலமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன். பிறகு ஸ்விட்சின் பிழைக் கணக்குகளைப் பாருங்கள். ப்ரோகேட் ஸ்விட்சில் ‘போர்ட் எர் ஷோ’ கட்டளை போர்ட் வாரியாக வரிசை இட்டுக் காட்டும். தரவு சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே இருக்கும் போர்ட் எதுவோ, அதன் கேபிள் முனையை முதலில் துடையுங்கள், அதற்கென்று உள்ள துடைப்பானால், சட்டை நுனியால் அல்ல. கணக்கைச் சுழியாக்கிவிட்டு மறுபடி கவனியுங்கள். அதற்குப் பிறகும் ஏறினால் எஸ்எஃப்பியை மாற்றுங்கள், கடைசியாகக் கேபிளை.

போர்ட் அணைந்திருக்கும் அந்த நேரத்தில் ஒரு காரியம் செய்துகொள்ளலாம். பணி நேரம் முடிந்த பின், அந்தப் பாதை இல்லாத நிலையிலேயே சர்வரை ஒரு முறை ரீபூட் செய்து பாருங்கள். இந்தப் பகுதியின் முதல் கடிதத்தை எழுதிய ஆலை நண்பருக்கு வியாழனன்று தெரிந்தது, உங்களுக்கு நீங்களே தேர்ந்தெடுத்த இரவில் தெரிந்துவிடும்.